பிப் டைம்அவுட்டை எங்க எழுதி வைக்கிறது?

வணக்கம் அண்ணையாக்கள், அக்காக்கள். கோண்டாவிலில இருந்து எழுதுறன், உபுண்டு பாவிக்கிறன்.

பின்னேரம் ஆறு மணி தாண்டினால் எங்கட வீட்டு லைன் நத்தைதான். பைத்தானுக்குப் பாக்கேஜ் இறக்கிற பிப்பில பெரிய பாக்கேஜ் ஒண்டை இறக்கினால் 'ரீட் டைம்ட் அவுட்' எண்டு பாதியில நிண்டிடும். பிப் வழமையா 15 செக்கன்தான் பொறுக்கும். ஒவ்வொருக்காலும் டைம்அவுட் ஒப்ஷனை அடிச்சுக் கைநொந்து, டெர்மினல் திறக்கேக்க வாசிக்கிற பாஷ்ஆர்சி ஃபைலில 'எக்ஸ்போர்ட் பிப்_டைம்அவுட்=100' எண்டு என்வயர்மென்ட் வேரியபிளாப் போட்டுவிட்டன். டெர்மினலில தங்கமா வேலை செய்யுது.

ஆனா விடியப்புறம் 2 மணிக்கு தானா ஓடுறதுக்குக் கிரொனில (குறிச்ச நேரத்துக்கு வேலை ஓட்டுற புரோகிராம்) போட்டுவிட்ட வேலை அதைக் கண்டுகொள்ளுதே இல்லை. நடந்ததைப் பதியிற லொக் ஃபைலைத் திறந்தால் திரும்பவும் அதே 15. அட்மின் உரிமையோட ஓட்டுற சுடோ போட்டாலும் அதே கதை. கிரொன் பாஷ்ஆர்சியை வாசிக்காது எண்டது பேந்துதான் விளங்கினது (ரெண்டு இரவு நித்திரை போச்சு).

இப்ப கிரொன் வேலைகளை எழுதிவைக்கிற கிரொன்டாப்பின்ர தலையிலயே எக்ஸ்போர்ட் இல்லாமல் அந்த வரியை எழுதுறதோ, இல்லாட்டி வேரியபிளை விட்டிட்டு பிப்பின்ர செட்டிங் கிடக்கிற பிப்.கொன்ஃப் ஃபைலுக்குப் போறதோ? ரெண்டிலயும் வேற வேற எண் கிடந்தால் வேரியபிள்தான் வெல்லும், அதால கலக்கப் பயமாக் கிடக்கு. சுடோவுக்கும் சேர்த்து ஒரே இடத்தில முடிக்க வழி இருந்தால், செய்து பார்த்த ஆக்கள் சொல்லுங்கோ.