புதுப்பிப்பு: ஜேலன் ஸ்மித் விஷயத்தில் நான் சொன்னது

2016 ட்ராஃப்ட் (அமெரிக்கக் கால்பந்து லீகான NFL-இன் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) முடிந்த சூட்டில், டல்லஸ் கவ்பாய்ஸ் அணி 34ஆவது தேர்வில் முழங்கால் காயத்தோடு இருந்த ஜேலன் ஸ்மித்தை எடுத்தது வீண் என்று இதே இழையில் எழுதியிருந்தேன். "பொறுத்துப் பாருங்க" என்று சிலர் சொன்னீர்கள். நீங்கள் சொன்னதுதான் சரி.

என் பயம் தசைநார் கிழிந்ததைப் பற்றியது அல்ல. அது அறுவை செய்தால் சரியாகும். ஃபியெஸ்டா பவுல் என்ற கல்லூரி ஆட்டத்தில் அவர் முழங்கால் திரும்பியபோது நரம்பும் அடிபட்டது. பாதத்தைத் தூக்க முடியாமல் முன்பக்கம் தொங்கியது. நரம்பு எப்போது விழிக்கும் என்று எந்த ஸ்கேனும் சொல்லாது. அறுவை செய்தவர் கவ்பாய்ஸின் சொந்த மருத்துவர் என்பதற்கு நான் போதிய மதிப்பு தரவில்லை. அந்த முழங்காலை நேரில் பார்த்தவரின் தகவல் மற்ற அணிகளுக்கு இல்லை!

2016 சீசன் முழுக்க ஸ்மித் ஆடவில்லை. 2017இல் ஷூவுக்குள் பாதத்தைத் தாங்கும் பட்டையோடு 16 ஆட்டங்களும் ஆடினார். 2019இல் புரோ பவுலுக்கு (லீகின் சிறந்த வீரர்களுக்கான ஆட்டம்) தேர்வானார். அவர் மறுபடி ஓடுவதைப் பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது.

அப்புறம், 2021 அக்டோபரில் அணியே விடுவித்தது. அதற்காக 34ஆவது தேர்வு தவறு என்று இனி சொல்லமாட்டேன். அதே ட்ராஃப்டில் முழங்கால் பயத்தால் 36ஆவது இடம்வரை சரிந்த மைல்ஸ் ஜாக் என்ற வீரரும் ஜாக்சன்வில் அணிக்காக முதல் வருஷமே களம் இறங்கினார்.