ரேர்பிட் (turbid), ரேர்ஜிட் (turgid): ரெண்டும் ஒண்டோ?

கொக்குவில் பெடியன்:
கிணத்துத் தண்ணி சோதிச்ச அறிக்கையிலை 'ரேர்பிடிற்றி' எண்டு கிடக்கு. உயிரியலிலை கலம் 'ரேர்ஜிட்' எண்டு படிச்சனான். ஒரெழுத்துத்தான் வித்தியாசம். ஆரும் விளங்கப்படுத்துங்கோவன்.

பழைய ரீச்சர்:
வேறை வேறை, தம்பி. ரேர்பிட் எண்டால் கலங்கினது. மாரி மழை அடிச்ச கையோடை கிணத்தை எட்டிப் பாரும். தண்ணிக்குள்ளை ஒளி எவ்வளவு சிதறுது எண்டு பாத்து, என்.ரி.யு. (NTU) எண்ட கலங்கல் அலகிலை அளக்கிறது. ரேர்ஜிட் எண்டால் வீங்கிப் புடைச்சது. தண்ணி உறிஞ்சி விறைப்பா நிக்கிற கலம் அப்பிடி. வாடின கீரையிலை அந்த விறைப்புப் போயிடும். எழுத்துக்கும் சொல்லுவினம்: ஒரு பத்தி விசயத்தை நாலு பக்கத்துக்கு ஊதினால் அந்த நடை ரேர்ஜிட். எங்கடை விழா மலர் வாழ்த்துரையள் கனக்க இந்த வகைதான். லத்தீன் வேரும் வேறை: ஒண்டு குழப்பம், மற்றது வீக்கம்.

சுன்னாகத்தான்:
'ரோர்பிட்'டையும் (torpid) சேருங்கோ. மந்தமாக் கிடக்கிறது. குளிர்நாட்டு வௌவால் மாரியிலை உடம்புச் சூட்டைக் குறைச்சுக்கொண்டு கிடக்குமே, அந்த நிலை.

கொக்குவில் பெடியன்:
அப்ப ரேர்பிட்டையும் எழுத்து நடைக்குச் சொல்லலாமோ, ரீச்சர்?

பழைய ரீச்சர்:
ஓம். தெளிவில்லாமல் குழம்பினது ரேர்பிட், ஊதிப் பெருத்தது ரேர்ஜிட். இங்கிலீசுக்காரரே மாறிப் போடுற இடம் இதுதான்.