அடுத்த மாதம் அமெரிக்கக் குடியுரிமை நேர்காணல்: உள்ளே என்ன கேட்பார்கள்?

மழைக்காலம்:

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் 14ஆம் தேதி எனக்குக் குடியுரிமை நேர்காணல். கடிதம் வந்த நாளிலிருந்து சரியான தூக்கம் இல்லை.

வயது 53. கணவரின் வேலை வழியாக 2016இல் கிரீன் கார்டு கிடைத்தது. கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அவர் எப்போதோ குடியுரிமை வாங்கிவிட்டார்; ஆங்கிலத்துக்குப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது நான்தான். சென்ற 2025 டிசம்பரில் மகள் உட்கார்ந்து குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பினாள். அவள் காட்டிய இடத்தில் கையெழுத்தாக என் பெயரைத் தட்டச்சு செய்து கொடுத்தேன்.

தமிழிலேயே பதில் சொல்ல அனுமதி உண்டு என்று கோயிலில் ஒருவர் சொன்னார். உண்மையா? பொது அறிவுக் கேள்விகள் பத்து என்கிறார்கள் சிலர், இருபது என்கிறார்கள் சிலர். எதை நம்புவது? இன்னொன்று மனத்தை அரிக்கிறது. 2021 ஏப்ரலில் அப்பாவைப் பார்க்கத் தஞ்சாவூர் போனேன். அப்பா ஆகஸ்டில் தவறிவிட்டார். அம்மாவை அந்த நிலையில் தனியே விட்டுவர முடியாமல் நவம்பர் வரை அங்கேயே இருந்தேன். ஏழு மாதம். இதைக் காட்டி மறுத்துவிடுவார்களா?

பெயரும் ஒரு சிக்கல். பழைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று எதுவும் இல்லாததால், கிரீன் கார்டில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எஃப்என்யு" என்று, அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று, அச்சாகியிருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நெய்தல்:

அக்கா, உங்கள் மகள் நிரப்பினாள், நீங்கள் பெயரைத் தட்டச்சு செய்து கொடுத்தீர்கள் என்பதைப் படித்ததும் எனக்கு அடிவயிறு கலங்கியது. என் விண்ணப்பத்தை நிரப்பியது என் மகன். நானும் அப்படித்தான் கொடுத்தேன்.

நான் டெக்சஸில் ஒரு பள்ளியின் சமையலறையில் வேலை பார்க்கிறேன். 2024இல் விண்ணப்பித்து அதே ஆண்டு நேர்காணலுக்குப் போனேன். அதற்கு முன் நான்கு மாதம் வரலாற்றுக் கேள்விகளையே உருப்போட்டேன். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே துண்டுச் சீட்டு ஒட்டிவைத்து, அரசமைப்புச் சட்டத் திருத்தங்கள் 27, செனட்டர்கள் 100, கீழவை உறுப்பினர்கள் 435 என்று மந்திரம் போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே அந்தத் தேர்வு ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. மீதி நேரமெல்லாம் பேச்சு என் விண்ணப்பத்தைப் பற்றி. நான் ஒருமுறையேனும் முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்த்திராத விண்ணப்பம் அது.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். வாசலில் விமான நிலையம் போலச் சோதனை உண்டு. உள்ளே கைப்பேசியை அணைத்து வைக்கச் சொன்னார்கள். கூடத்தில் இருபது பேர் இருந்திருப்போம். ஓர் அதிகாரி கதவைத் திறந்து ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டபோதுதான் அது என் அப்பாவின் பெயர் என்று உறைத்தது. எனக்குக் குடும்பப் பெயராக அச்சிட்டிருப்பது அதுதானே. நம்மில் பலருக்கு இப்படித்தான். எந்தப் பெயரில் கூப்பிடுவார்கள் என்பதை முன்பே மனத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

அறைக்கு நடந்து போகும்போதே வழியில் நெரிசல் இருந்ததா, யார் வண்டி ஓட்டிவந்தது என்று கேட்டார். ஆங்கிலம் பேசுவதற்கென்று தனித் தேர்வு கிடையாது அக்கா. நாம் எப்படிப் புரிந்துகொண்டு பதில் சொல்கிறோம் என்பதைத்தான் பார்க்கிறார்கள். உச்சரிப்பைப் பற்றிக் கவலையே படாதீர்கள். அறைக்குள் போனதும் உட்காருவதற்கு முன் வலது கையை உயர்த்தி, உண்மையே சொல்வேன் என்று உறுதி கூறச் சொன்னார். பிறகு கிரீன் கார்டு, ஓட்டுநர் உரிமம், பழையதும் புதியதுமாக எல்லாப் பாஸ்போர்ட்டுகளும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அப்புறம்தான் வந்தது. "ஐந்து ஆண்டுகளில் எத்தனை முறை வெளிநாடு போனீர்கள்?" மூன்று முறை என்றேன். அவர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்துத் திரையைப் பார்த்தார். சென்னை விமான நிலையத்தின் முத்திரை, 2022 ஜூன். என் அக்கா மகளின் திருமணத்துக்குப் பதினொரு நாள் போய் வந்தது. மகனுக்கு நினைவில்லை, நானும் சொல்லவில்லை. கை சில்லிட்டுவிட்டது. பொய் சொல்லிவிட்டேன் என்று எழுதிவிடுவாரோ என்று நெஞ்சு படபடத்தது. "மறந்துவிட்டேன், ஐயா. திருமணத்துக்குப் போனேன். தேதிகளை இப்போது சொல்கிறேன்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு நான்காவது பயணத்தைத் தட்டச்சு செய்தார். அவ்வளவுதான். கடைசியில், திருத்தங்கள் எல்லாம் சரிதான் என்று என்னிடம் கையெழுத்து வாங்கினார். அன்று நான் தடுமாறி வேறு எதையாவது உளறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

அடுத்து "ஹேவ் யூ எவர்" என்று தொடங்கும் கேள்விகள் சரமாரியாக வரும். அமெரிக்கக் குடிமகள் என்று எப்போதாவது சொல்லிக்கொண்டதுண்டா, வாக்காளராகப் பதிந்ததுண்டா, கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததுண்டா, கைதானதுண்டா, வரி கட்டாமல் விட்டதுண்டா, யாரையாவது துன்புறுத்தியதுண்டா. பெரும்பாலும் "நோ" என்பதால் நாக்கு அதற்கே பழகிவிடும். அந்தப் பழக்கத்திலேயே இருந்தால், தேவைப்பட்டால் நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவீர்களா, விசுவாச உறுதிமொழி எடுப்பீர்களா என்று அவர் மாற்றிக் கேட்கும்போதும் "நோ" என்றே வாயில் வந்துவிடும். என்னிடம் ஒரு கேள்வியின் நடுவே நிறுத்தி, "அலீஜியன்ஸ் என்றால் என்ன, உங்கள் சொற்களில் சொல்லுங்கள்" என்றார். தொண்டை வறண்டுவிட்டது. சொல் தெரியும், விளக்கம் வரவில்லை. வேறு விதமாகக் கேட்க முடியுமா என்று கேட்டேன். முகம் சுளிக்காமல் வேறு சொற்களில் கேட்டார். இந்த நாட்டுக்கு உண்மையாக இருப்பேன் என்று சொன்னேன். புரியாத கேள்விக்கு "ஆம்" என்று சொல்லிவைப்பதைவிட மறுபடி கேட்பது நூறு மடங்கு நல்லது. அதற்கு யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை.

தலையாட்டாதீர்கள். நாம் பக்கவாட்டில் ஆட்டுவது அவர்களுக்கு "இல்லை" போலத் தெரியும். எல்லாவற்றுக்கும் வாய் திறந்து "யெஸ்", "நோ" என்று சொல்லுங்கள்.

வாசிக்க ஒரு வாக்கியம், எழுத ஒரு வாக்கியம். மூன்று வாய்ப்பில் ஒன்றைச் சரியாகச் செய்தால் போதும். கொலம்பஸ் தினம் அக்டோபரில் வருகிறது என்ற பொருளில் ஒரு வாக்கியத்தை அவர் சொல்ல, பலகை போன்ற கணினித் திரையில் பேனாக்குச்சியால் எழுதினேன். குச்சி வழுக்கி, எழுத்து மேலும் கீழுமாகப் போனது. ஆனாலும் ஏற்றுக்கொண்டார். முடிவில் ஒரு தாளைக் கொடுத்தார். குடியுரிமைக்குப் பரிந்துரைக்கப்பட்டிருப்பதாக அதில் குறி போட்டிருந்தது.

இன்றைக்கே என்-400ஐ அச்செடுங்கள் அக்கா. மகளை அதிகாரியாக உட்காரவைத்து ஒவ்வொரு வரியையும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கையில் பாஸ்போர்ட் இருக்கட்டும். வரலாறு நாளைக்குப் படித்துக்கொள்ளலாம்.

மூன்றாம்மாடி:

எங்கள் ஊர் நூலகத்தின் குடியுரிமை வகுப்பில் தன்னார்வலராக இருக்கிறேன். நெய்தல் சொன்னது அத்தனையும் சரி. தேர்வைப் பற்றி மட்டும் ஒன்று சேர்க்க வேண்டும். 2024இல் அவர் எழுதியது 2008இல் வந்த பழைய தேர்வு: 100 கேள்விகளிலிருந்து 10 வரை கேட்பார்கள், 6 சரியானால் தேர்ச்சி. 2025 அக்டோபர் 20 அன்றோ அதற்குப் பிறகோ விண்ணப்பித்தவர்களுக்குப் புதிய தேர்வு. உங்களுடையது டிசம்பர் என்பதால் பட்டியலில் 128 கேள்விகள். 20 வரை கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். பன்னிரண்டு சரியானதும் நிறுத்திவிடுவார்கள். ஒன்பது தவறானாலும் நிறுத்திவிடுவார்கள். கடைகளிலும் யூடியூபிலும் பழைய 100 கேள்விகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. குடியுரிமைத் துறையின் சொந்த இணையதளத்தில் இலவசமாகக் கிடைப்பதை மட்டும் படியுங்கள். ஆளுநர், அவைத்தலைவர், உங்கள் தொகுதி உறுப்பினர் போன்ற பெயர்களை நேர்காணலுக்கு முந்தைய வாரம் ஒருமுறை சரிபாருங்கள். ஏதாவது ஒரு பகுதியில் தவறினால், 60 முதல் 90 நாளுக்குள் அந்தப் பகுதிக்கு மட்டும் மறுவாய்ப்பு உண்டு.

தமிழில் பதில் சொல்லும் சலுகை, விண்ணப்பிக்கும்போது 50 வயதைக் கடந்து கிரீன் கார்டோடு 20 ஆண்டு இருந்தவர்களுக்கும், 55ஐக் கடந்து 15 ஆண்டு இருந்தவர்களுக்கும்தான். உங்களுக்குப் பொருந்தாது, அம்மா.

ஏழு மாதப் பயணம்தான் நீங்கள் உண்மையில் தயாராக வேண்டிய இடம். ஆறு மாதத்துக்கு மேல், ஓராண்டுக்குள் வெளியே இருந்தால் தொடர் வசிப்பு அறுந்ததாகவே முதலில் எடுத்துக்கொள்வார்கள். அறுபடவில்லை என்று காட்டும் பொறுப்பு நம்முடையது. அதைக் காட்டவும் முடியும். கணவரும் மகளும் அந்த ஏழு மாதமும் இங்கேயே இருந்தார்கள், வீடு உங்களுடையதாகவே இருந்தது, அங்கே நீங்கள் வேலை எதுவும் பார்க்கவில்லை என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். 2021க்கான வீட்டுக் கடன் அல்லது வாடகைத் தாள்கள், வரித்துறையின் டிரான்ஸ்கிரிப்ட் (தாக்கல் செய்த வரிக் கணக்கின் சுருக்கப் பதிவு), வங்கிக் கணக்கு அறிக்கைகள், மகளின் பள்ளி அல்லது கல்லூரிச் சான்று ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள். அப்பாவின் மருத்துவமனைத் தாள்களும் இறப்புச் சான்றிதழும் கூடவே இருக்கட்டும். தமிழில் இருப்பவற்றுக்கு முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதியும் வேண்டும். இந்தியாவில் வழக்கமான பன்னாட்டு விமானங்கள் அப்போது நின்றிருந்தன என்பதையும் சொல்லலாம். பயணத்தைக் குறைத்தோ மழுப்பியோ மட்டும் சொல்லாதீர்கள். ஒருமுறை குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

பழையவாசகன்:

பெயரைப் பற்றி. "எஃப்என்யு" என்பதை நீக்க இதுவே நல்ல தருணம். பெயர் மாற்றம் வேண்டுமா என்று என்-400இலேயே கேட்டிருப்பார்கள். மகள் "இல்லை" என்று குறித்திருந்தாலும் நேர்காணலில் சொல்லிப் பாருங்கள். ஒரு மனுவில் கையெழுத்து வாங்குவார்கள். பெயர் மாற்றத்தை நீதிமன்றம்தான் ஏற்க வேண்டும் என்பதால், உறுதிமொழி விழாவும் நீதிபதி நடத்துவதாக இருக்கும். சில ஊர்களில் அதற்குக் கூடுதலாகக் காத்திருக்க வேண்டிவரும். என் மனைவி காத்திருந்தார். தன் பெயரை முதல் பெயராகவும் என் பெயரைக் குடும்பப் பெயராகவும் பிரித்து வாங்கினார். இனி எந்த மருத்துவமனையிலும் வங்கியிலும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

விழாவில் கிரீன் கார்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு சான்றிதழ் தருவார்கள். அங்கேயே நின்று ஒவ்வோர் எழுத்தையும் சரிபாருங்கள். பிறகு அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு அந்த மூலச் சான்றிதழையே அனுப்ப வேண்டும். அந்தச் சமயத்தில் ஊருக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. உறுதிமொழி எடுத்த பிறகு இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்யக்கூடாது. அதை ஒப்படைத்துச் சான்று வாங்கிய பிறகு ஓசிஐ எனப்படும் வெளிநாட்டு இந்தியர் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அம்மா தஞ்சாவூரில் இருக்கிறார் என்கிறீர்கள். இந்த இடைவெளியை இப்போதே கணக்கிட்டு வையுங்கள்.

மழைக்காலம்:

மூவருக்கும் கைகூப்பி நன்றி. நேற்றிரவு மகளோடு உட்கார்ந்து முப்பது பக்க அளவில் இருந்த தாள்களைப் படித்தேன். நெய்தல், நீங்கள் சொன்னதுபோலவே ஆயிற்று. 2023 ஜூலையில் நயாகராவுக்குக் காரில் போனபோது கனடா பக்கம் இரண்டு இரவு தங்கினோம். பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லை, அதனால் மகள் எழுதவில்லை. எனக்கும் அது வெளிநாடு என்றே மனத்தில் படவில்லை. கைப்பேசியில் இருந்த படங்களை வைத்துத்தான் தேதியைக் கண்டுபிடித்தோம். விண்ணப்பம் ஏற்கெனவே போய்விட்டதே, இப்போது என்ன செய்வது?

நெய்தல்:

24 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் அது கணக்கில் வரும் அக்கா, காரில் போனாலும்தான். பயப்படாதீர்கள். எல்லாப் பயணங்களையும் புறப்பட்ட தேதி, திரும்பிய தேதியோடு ஒரு வெள்ளைத்தாளில் தெளிவாக எழுதி உறையின் மேலே வையுங்கள். பயணங்களைப் பற்றி அவர் கேட்க ஆரம்பித்ததும், அவராகக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீங்களே, "ஒன்று விடுபட்டிருக்கிறது, திருத்த வேண்டும்" என்று சொல்லித் தாளைக் கொடுங்கள். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் ஆங்கிலத்தில் மகளிடம் இருபது முறை சொல்லிப் பாருங்கள். 14ஆம் தேதி மாலை இங்கே வந்து எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.