கார் ரெண்டு நாள் நின்னாலே பேட்டரி காலி, உதவி பண்ணுங்க

சாலைப்பயணி:
வணக்கம், அவசரம். காரை ரெண்டு மூணு நாள் எடுக்காம விட்டா ஸ்டார்ட் ஆகறதில்ல, டிக் டிக்னு சத்தம்தான் வருது. பேட்டரி புதுசு. லைட் எல்லாம் அணைச்சுத்தான் நிறுத்தறேன். வெள்ளிக்கிழமை குடும்பத்தோட பழனி போகணும். என்னவா இருக்கும்?

மதுரை டீசல்:
என்ன வண்டி, எந்த வருஷம்? சாவியா, பட்டனா? வெளியில ஏதாவது மாட்டியிருக்கீங்களா?

டைனமோ தம்பி:
ஆல்டர்னேட்டர் (வண்டி ஓடும்போது பேட்டரியை சார்ஜ் பண்றது) டயோடுதாங்க, கரண்டை ஒரே பக்கமா விடற சின்ன பாகம். அது கசிஞ்சா வண்டி நிக்கும்போது கரண்ட் பேட்டரியில இருந்து திரும்பிப் போகும். காலையில ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பாருங்க, வெதுவெதுன்னு இருந்தா அதேதான்.

ப்ளூடூத் பாபு:
ஸ்டீரிங்குக்குக் கீழ இருக்கற ஓபிடி சாக்கெட்ல (மெக்கானிக் ஸ்கேனர் மாட்டற இடம்) டாங்கிள் ஏதாவது, அதாவது வண்டி விவரத்தை போனுக்கு அனுப்பற குட்டி கருவி, சொருகியிருக்கா? 16வது பின்ல எப்பவும் பேட்டரி கரண்ட் இருக்கும். எங்க வீட்ல அதான் காரணம்.

வயர்மேன்72:
அளக்காம கேள்வி கேக்காதீங்கன்னு இங்க எத்தனை தடவை சொல்லியாச்சு. பேட்டரி மைனஸ் டெர்மினலைக் கழட்டி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் ஓட்டைல போட்டு டெர்மினலுக்கும் வயருக்கும் இடையில வைங்க. எத்தனை மில்லி ஆம்பியர்னு சொல்லுங்க, அப்புறம் பேசலாம். மீட்டர் இடையில இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணாதீங்க, ஃபியூஸ் போயிடும்.

சாலைப்பயணி:
2019 பெட்ரோல், பட்டன் ஸ்டார்ட். டாங்கிள் இல்ல. மீட்டர் 4 ஆம்பியர் காட்டுதுங்க! எங்கயோ ஷார்ட்டா?

மதுரை டீசல்:
பயப்படாதீங்க. டெர்மினலைக் கழட்டி மாட்டினதும் வண்டிக்குள்ள இருக்கற குட்டி கம்ப்யூட்டர் யூனிட்டெல்லாம், பிசிஎம் (கதவு, லைட்டைப் பாத்துக்கறது), கேட்வே (யூனிட்டுகளுக்கு நடுவுல மெசேஜைக் கடத்தறது), டேஷ்போர்டு மீட்டர் கன்சோல் எல்லாம் முழிச்சுக்கும். கதவு திறந்தாலும் அப்படித்தான். பானெட் லாக்கையும் கதவு லாக்கையும் ஸ்க்ரூடிரைவரால மூடின நிலைக்குத் தள்ளிவிடுங்க, ரிமோட் சாவியை வீட்டுக்குள்ள வைங்க, அரை மணி நேரம் தொடாம விடுங்க. பொதுவா 50 மில்லி ஆம்பியருக்குக் கீழ இறங்கணும்.

கேன் பஸ்ல, அதாவது இந்த யூனிட்டெல்லாம் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கற ரெண்டு வயர் லைன்ல, ஒரு விஷயம் இருக்கு. லைன் அமைதியானாத்தான் எல்லா யூனிட்டும் தூங்கும். ஒரே ஒரு யூனிட் விடாம மெசேஜ் அனுப்பிட்டே இருந்தாலும் மத்ததெல்லாம் முழிச்சே கிடக்கும். கல்யாண வீட்ல ஒருத்தர் ராத்திரியெல்லாம் பேசினா கூடத்துல யாரும் தூங்க முடியாதே, அது மாதிரி.

டைனமோ தம்பி:
அப்படின்னா அந்த கேன் லைன் சரியா இருக்கான்னு பாக்க, பேட்டரியைக் கழட்டிட்டு ஓபிடில 6வது பின்னுக்கும் 14வது பின்னுக்கும் நடுவுல ஓம் (மின்தடை) பாருங்க. 120 வரணும்.

வயர்மேன்72:
தப்பு. லைனோட ரெண்டு முனையிலயும் ஆளுக்கொரு 120 ஓம் மின்தடை இருக்கு, இணையா வந்தா 60. 120 காட்டினா ஒரு முனை அறுந்திருக்கு. அடிப்படையே தெரியாம ஆலோசனை சொல்லாதீங்க தம்பி.

டைனமோ தம்பி:
அண்ணா, மரியாதையாப் பேசுங்க. கதவு, கண்ணாடி பக்கம் மெதுவா ஓடற பாடி கேன்ல எல்லா வண்டியிலயும் 60 வராதே?

வயர்மேன்72:
அது நொடிக்கு 125 கிலோபிட் வரைக்கும் ஓடற வேற வகை. மின்தடையை ஒவ்வொரு யூனிட்டுக்குள்ளயும் பிரிச்சு வெச்சிருப்பாங்க. ஒரு வயர் அறுந்தாலும் அது ஓடும். நான் சொன்னது ஹைஸ்பீட் கேனுக்கு.

மதுரை டீசல்:
ரெண்டு பேரும் விடுங்க. ஓம் சரியா இருந்தாலும் தூங்காத யூனிட் எதுன்னு அது காட்டாது.

சாலைப்பயணி:
அரை மணி கழிச்சு 600 மில்லி ஆம்பியர்ல நிக்குது. இறங்கவே இல்ல.

மதுரை டீசல்:
48 மணி நேரத்துல 29 ஆம்பியர் மணி போயிடும். உங்க பேட்டரி 35 ஆம்பியர் மணின்னா மிச்சம் என்ன இருக்கும்? இனி ஃபியூஸைப் பிடுங்காதீங்க, திரும்பச் சொருகினா தூங்கினதும் எழுந்துக்கும். ஃபியூஸ் முதுகுல தெரியற ரெண்டு உலோகப் புள்ளியில மில்லி வோல்ட் பாருங்க. எதுல காட்டுதோ அந்த லைன்லதான் கரண்ட் போகுது. வெளியில ஏதாவது மாட்டினீங்களான்னு முதல்லயே கேட்டேனே?

சாலைப்பயணி:
பெரிய ஸ்க்ரீன் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ போட்டோம். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அதைத்தான் ஆஃப் பண்ணிடறேனே.

ப்ளூடூத் பாபு:
ஸ்டீரிங் பட்டன் வேலை செய்ய, வண்டியோட கேன் லைனையும் ஸ்டீரியோவையும் இணைக்கற ஒரு குட்டி கேன் டப்பா சேர்த்திருப்பாங்களே?

வயர்மேன்72:
ஸ்டீரியோவோட மஞ்சள் வயர் நேரடி பேட்டரி, சிவப்பு ஏசிசி (வண்டியை ஆன் பண்ணினா மட்டும் கரண்ட் வர்ற லைன்). வேலை சீக்கிரம் முடியட்டும்னு சில கடையில ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்து முறுக்கி டேப் சுத்திடுவாங்க. வண்டி ஆன்ல இருக்குன்னு டப்பா நினைச்சு மெசேஜ் அனுப்பிட்டே இருக்கும். ஸ்டீரியோவை வெளிய இழுத்து அந்த டப்பா கனெக்டரை மட்டும் கழட்டி, மறுபடி அரை மணி பொறுத்து அளங்க.

சாலைப்பயணி:
டப்பாவைக் கழட்டினேன், 28 மில்லி ஆம்பியர். ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், கிளம்பறேன்.

மதுரை டீசல்:
நல்லது. சிவப்பு வயர் எங்க சேர்ந்திருந்துச்சு? ஒரு படம் போடுங்க, அடுத்து இதே பிரச்சினையோட வர்றவங்களுக்கு உதவும்.

டைனமோ தம்பி:
ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பாத்தீங்களா?