புதுப்பிப்பு: மலைப்பாம்பு வளர்க்கும் திட்டம் என்ன ஆனது?

அக்கா மகன் பர்மிய மலைப்பாம்பு வளர்க்கப் போகிறான், குலசேகரம் வீட்டில் ரப்பர் ஷீட் காயப்போடும் அறையை அதற்கு ஒழித்து வைத்திருக்கிறான், வேறென்ன வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. பாம்பு வாங்கவில்லை.

விற்பவர் சொன்னது, "வெளிநாட்டு இனம், பதிவு பண்ணினா போதும்." அது உண்மையில்லை. இந்த இனம் நம் வடகிழக்கு மாநிலக் காடுகளிலும் வாழ்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக அதிகப் பாதுகாப்பு பெறும் உயிரினங்களின் பட்டியலில், இருக்கிறது. வீட்டில் வளர்த்துப் பிடிபட்டால் சிறை.

என்னை அதைவிட யோசிக்க வைத்தது அதன் வளர்ச்சி. இரண்டடிக் குட்டியாக வருவது 15 அடியைத் தாண்டும், 20 வருடத்துக்கு மேலும் வாழும். பையன் வேலைக்கு வளைகுடா போய்விட்டால் அக்காவா அதற்கு இரை போடுவாள்? தப்பித்துத் தோட்டத்துக்குள் போனால் நம் ஊர் ஈரமும் சூடும் அதற்கு நன்றாகவே ஒத்துவரும். அமெரிக்காவின் ஃபுளோரிடா சதுப்புநிலத்தில் இதே பாம்பு பெருகி, அங்குள்ள முயல்களையும் ரக்கூன் என்ற சிறு பாலூட்டிகளையும் ஏறக்குறைய துடைத்துவிட்டது.

"அப்போ நம்ம ஊர் பெரும்பாம்பையாவது பக்கத்தில பாக்கணும் மாமா" என்றான். பெரும்பாம்பு என்று நாங்கள் சொல்வது இந்திய மலைப்பாம்பை. அப்புறம் பக்கத்துத் தோட்டத்துக் கோழிவலையில் ஒன்று சிக்க, வனத்துறையினர் வலையை அறுத்து எடுத்தபோது போய் நின்றோம். உதட்டோரம் வரிசையாகச் சின்னக் குழிகள். இரையின் உடல்சூட்டை அவற்றால்தான் உணர்கிறது. வாலடியில் இருபுறமும் நகம் போல ஒரு முள், பின்னங்காலின் மிச்சம். பையன் அசையாமல் பார்த்தான்.

இப்போது பாம்பு மீட்புப் பயிற்சிக்கு விசாரித்துக்கொண்டிருக்கிறான். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் முறையாகக் கற்றவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.