ஓர் எழுத்தில் போன ஐம்பது ரூபாய்

1984 அல்லது 85 இருக்கும். எங்கள் தெருவில் ஐந்து வீடுகள் சேர்ந்து, வீட்டுக்கு ஒரு வார இதழ் என்று வாங்கிச் சுற்றுக்கு விடுவார்கள். மற்றவர்கள் வாங்கும் இதழ்கள் எங்களிடம் வந்து சேரும்போது குறுக்கெழுத்துப் போட்டிக் கட்டம் கத்தரிக்கப்பட்டிருக்கும். அதன் பின்பக்கத்தில்தான் தொடர்கதை. நாயகி நடுராத்திரியில் கதவைத் திறக்கிறாள், அப்புறம் ஒரு சதுர ஓட்டை. அந்த ஓட்டைக்குள் என்ன நடந்தது என்று கேட்டுவர முதல் வீட்டுக்கு என்னைத்தான் அனுப்புவார்கள்.

எங்கள் பங்குக்கு வந்த இதழில் கத்தரிக்கோல் எங்கள் அத்தையின் கையில். இதழின் பெயர் வேண்டாம், காரணம் பின்னால் தெரியும். நிபந்தனைகள் அவருக்கு மனப்பாடம். அச்சிட்ட கட்டத்தில்தான் நிரப்ப வேண்டும், அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாது, ஆசிரியரின் முடிவே இறுதியானது, கடிதப் போக்குவரத்து கிடையாது. அதனால் முதலில் என் கணக்கு நோட்டில் கட்டம் போட்டு, பென்சிலால் நிரப்பி, வீடே ஒப்புக்கொண்ட பிறகுதான் பேனா.

அந்த வாரம் எல்லாம் முடிந்து ஒன்றே ஒன்று நின்றது. 'இது இல்லாவிட்டால் வாழ்க்கை சிறக்காது.' மூன்று எழுத்து. ண, ம் இரண்டும் மேலிருந்து கீழ் வந்த சொற்களில் கிடைத்துவிட்டன. முதல் கட்டத்தில் மட்டும் எந்தச் சொல்லும் குறுக்கே வரவில்லை. அத்தை "குணம்" என்றார். சித்தப்பா "பணம்" என்றார். அடுப்படியிலிருந்து பாட்டி, "மணம்னு போட்டா என்னவாம்?" என்று கேட்டார். அத்தைக்கு அப்போது முப்பத்தொரு வயது, கல்யாணம் ஆகியிருக்கவில்லை. யாரும் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

குணம்தான் போனது. 15 பைசா கார்டில் சோற்றுப் பருக்கையால் ஒட்டி நானே பெட்டியில் போட்டேன். மூன்று வாரம் கழித்து விடை வந்தது: பணம். மற்றதெல்லாம் சரி. முதல் பரிசு ஐம்பது ரூபாய். சித்தப்பா இரண்டு நாள் மேல்துண்டை உதறி உதறிப் போட்டுக்கொண்டு நடந்தார். அத்தை நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. அதைத்தான் முன்கூட்டியே அச்சடித்திருந்தார்களே!

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது நடந்திருக்கும், சொல்லுங்கள்.

* * *

நடந்தது, ஆனால் எனக்கு அம்புலிமாமா. இரண்டு போட்டோக்களைப் பக்கம் பக்கமாகப் போட்டு, இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி சின்னதாகத் தலைப்புக் கேட்பார்களே, அது. ஒரு பக்கம் மரத்தில் குரங்கு, இன்னொரு பக்கம் தரையில் குழந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். 'தாவி ஏறும் வாலு, தவழ்ந்து வரும் ஆளு' என்று எழுதி அனுப்புகிற ரகம் நான். எத்தனை கார்டு போட்டிருப்பேன் என்று கணக்கில்லை, ஒன்றும் தேறவில்லை. ஜெயித்த தலைப்பைப் படித்தால் கோபம்கூட வராது. நாலே சொல்லில் அடித்திருப்பார்கள். எதுகை மட்டும் போதாது என்று தெரிய எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

* * *

அண்ணே, நான் ஜெயித்தேன். அதுதான் தொல்லை.

ஒரு நாளிதழின் சிறுவர் பக்கத்தில் பத்து ரூபாய். மணியார்டர் வந்த அன்று அப்பா வீட்டில் இல்லை. மைனர் பையனிடம் கொடுக்க மாட்டேன் என்று தபால்காரர் திருப்பிக் கொண்டுபோய்விட்டார். மறுநாள் காலைவரை எனக்குத் தூக்கம் கிடையாது. அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கி, ஒரு ரூபாயைத் தபால்காரருக்கே கொடுத்தார். மீதி ஒன்பதை என் கண்ணில் காட்டினார்கள், அவ்வளவுதான். மணியார்டர் துண்டுச் சீட்டு மட்டும் இன்னும் இருக்கிறது.

அந்தத் திமிரில் அடுத்து ஒரு விளம்பரப் போட்டியில் இறங்கினேன். ஒன்பது கட்டம், எப்படிக் கூட்டினாலும் 15 வர வேண்டும். நடுவில் 5, மூலைகளில் இரட்டைப்படை எண்கள். கண்டுபிடித்தபோது கணித மேதை என்றே நினைத்துக்கொண்டேன். 'வாழ்த்துகள்! உங்களுக்கு டிரான்சிஸ்டர் பாதி விலையில்' என்று கடிதம் வந்தது. வி.பி.பி.யில், அதாவது தபால்காரரிடம் பணம் கட்டினால்தான் பார்சல் கைக்கு வரும் முறையில், எடுக்க வேண்டும். அப்பாவிடம் அழுது வாங்கிக் கட்டினேன். பார்சலுக்குள் பழைய பேப்பரும் ஒரு செங்கல் துண்டும். பிறகு பார்த்தால் என் வகுப்பில் மூன்று பேருக்கு அதே வாழ்த்துக் கடிதம். விடை சரியாக இருந்ததா என்று அவர்கள் பார்த்தே இருக்க மாட்டார்கள்!

* * *

செங்கல் தம்பிக்கு ஆறுதலாக, அத்தை கதை சொன்ன நானே ஒன்று சொல்கிறேன். பெரியவர்களே அதைவிடப் பெரிதாக விட்டிருக்கிறார்கள்.

குறுக்கெழுத்து முதலில் வந்தது 1913 டிசம்பர் 21 அன்று, 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழில். எஸ்.எஸ். வாசன் 1928இல் ஆனந்த விகடனை வாங்கி நடத்திய பிறகு அதில் வந்த குறுக்கெழுத்துப் போட்டி எங்கள் தாத்தா காலத்தில் ஊரெல்லாம் பேச்சு. அதைத் தொடர்ந்து பல ஊர்களில் பல பேர் நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு பெரும் பரிசு அறிவித்தார்கள். 'எல்லாம் சரி' என்றால் ஒரு பரிசு, 'ஒரு பிழை'க்கு ஒன்று. சூட்சுமம் என்னவென்றால் குணம், பணம் போல இரண்டும் பொருந்துகிற கட்டங்களை வேண்டுமென்றே வைப்பது. அப்படி ஐந்து கட்டம் இருந்தால் எல்லா வாய்ப்பையும் நிரப்ப 32 கூப்பன் வேண்டும். தாத்தா அதைக் கணக்குப் போட்டுப் பார்த்து, பாதிவரை வாங்கியவர்.

1955இல் பரிசுப் போட்டிகள் சட்டம் வந்தது. ஒரு மாதத்தில் மொத்தப் பரிசு 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதற்குள் நடத்தவும் உரிமம் வேண்டும், ஒரு போட்டிக்கு 2,000 விடைகளுக்கு மேல் வாங்கவும் கூடாது. இதை எதிர்த்து வழக்குப் போனது. பெரும்பாலும் திறமையால் ஜெயிக்கிற போட்டியை இந்தச் சட்டம் தொடாது, அதிர்ஷ்டத்தை நம்பியவற்றுக்குத்தான் என்று 1957இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. என்னைக் கேட்டால் எங்கள் வீட்டுக் கட்டத்தில் ண, ம் இரண்டும் திறமை, முதல் எழுத்து அதிர்ஷ்டம்.

நேற்று இதையெல்லாம் அத்தையிடம் போனில் படித்துக் காட்டினேன். எழுபதைத் தாண்டிவிட்டார். சட்டம், நீதிமன்றம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "குணம்தான்டா சரி. அந்த ஆசிரியருக்குத்தான் தெரியல."