சென்னையில் உயரமான மணிப்பூச் செடி: என் அனுபவம்

மணி வடிவில் பூக்கும் கம்பானுலாச் செடியை வளர்த்த கதைகளை எல்லாரும் எழுதுகிறீர்கள், என்னுடையதையும் சொல்கிறேன். நான் இருப்பது திருவான்மியூரில். வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் தரை, மீதி மொட்டைமாடித் தொட்டிகள்.

குன்னூரில் என் நாத்தனார் வீட்டு வாசலில் கம்பானுலா பெர்சிசிஃபோலியா என்ற உயரமான வகை இடுப்பு உயரத்துக்கு நீலமாகப் பூத்து நிற்கும். வெட்டிவிட்டால் மறுவருடமும் அதே தூரிலிருந்து வரும். அவர் தந்த விதையைக் கார்த்திகையில் தூவினேன். தூசி மாதிரி விதை. மண் போட்டு மூடக் கூடாது, வெளிச்சம் பட வேண்டும். நன்றாகவே முளைத்தது. மாசி வரை தரையோடு ஒட்டிய இலைக்கொத்தாகப் பச்சைப்பசேலென்று இருந்தது. பூத்தண்டு மட்டும் எழும்பவே இல்லை. பங்குனி வெயில் ஏறியதும் அடி அழுகிப் போய்விட்டது.

இது தண்ணீர், உரம் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. அந்தச் செடி முதலில் இலை விடும், சில வாரம் நல்ல குளிரில் கிடந்த பிறகுதான் தண்டு விடும். நம் ஊரில் மார்கழி இரவிலேயே 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். வைகாசியில் இரவும் 28 டிகிரி. நிழல் வலை பகல் வெயிலைத் தடுக்கும், ராத்திரிப் புழுக்கத்தை என்ன செய்யும்? அதனால் சென்னையில் விதைக்குக் காசு செலவழிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

அப்புறம் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் ஒரு நர்சரியில், "நீலப் பூ, ஆள் உயரம், வருஷக்கணக்கா நிக்கணும்" என்று கேட்டேன். அங்கிருந்த அக்கா துன்பர்ஜியா எரெக்டாவைக் காட்டினார். கொடி துன்பர்ஜியா இல்லை, இது புதர். கம்பானுலாவுக்கு உறவும் இல்லை. மேற்கு ஆப்பிரிக்கச் செடி, அதனால் நம் சூடு அதற்குப் பழக்கம். கருநீல மணி, உள்ளே மஞ்சள் தொண்டை. அவ்வளவு அழகு!

காலை வெயில் படும் கிழக்குப் பக்கம் தரையில் வைத்தேன். செம்மண்ணோடு மண்புழு உரம், மழைநீர் தேங்காத மேடு, அவ்வளவுதான். இப்போது என் தலைக்கு மேல் நிற்கிறது. அக்னி நட்சத்திரத்தில் மதியம் இலை தொங்கும், சாயங்காலம் தண்ணீர் விட்டால் நிமிர்ந்துவிடும். புதுத் தளிரில்தான் பூக்கிறது. ஒரு சுற்றுப் பூ முடிந்ததும் கத்தரித்துவிடுங்கள். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு, இலை ஓரம் கருகும். மழைநீர் பிடித்து வைத்து ஊற்றுவது நல்லது.

இதில் வெள்ளைப் பூ ரகமும் உண்டு. சென்னையில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், ஆவணி மழையில் கட்டிங் மாற்றிக்கொள்ளலாம்.